மூன்று வண்டி, ஒரே ஆர்.சி.: காரைக்குடிப் பக்கத்து வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

காரைக்குடிக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு ஊரிலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பேர், ஊர், கடை விவரத்தை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவரிடம் 110 சிசி வண்டி ஒன்று இருக்கிறது. 2022-இல் புதிதாக வாங்கியது, அவர் பேரிலேயே இருக்கிறது. தினமும் கடைக்குப் போய்வர, சரக்கு கட்டிக்கொண்டு வர எல்லாம் அதுதான். அப்புறம் அவர் அப்பச்சி, அதாவது அப்பா, ஓட்டிய 1991 மாடல் புல்லட். அப்பச்சி தவறி இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போக அந்த வண்டியைத்தான் எடுக்கிறார். மூன்றாவது ஒரு 400 சிசி வண்டி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சிநேகிதருடையது. "சும்மா நிக்குது, நீ எடுத்து ஓட்டு, முடிஞ்சா காசு குடு, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் போன வருஷம் கொடைக்கானல் ஒரு தடவை, வால்பாறை ஒரு தடவை, மற்றபடி சாயங்காலங்களில் கண்மாய்க் கரையில் செம்மண் பாதை.

வீட்டில் மனைவி "ஒரு ஆளுக்கு எதுக்கு மூணு வண்டி?" என்று கேட்கிறார். பொதுவீட்டு முகப்பில் மூன்றும் நிற்பதைப் பார்த்துப் பங்காளி ஒருவர் முகம் சுளித்திருக்கிறார். வாசகர் தரப்பு வாதம் வேறு. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு வேலைக்கு, ஒன்றால் மற்றதைச் செய்ய முடியாது என்கிறார். என்னிடம் கேட்பது இவ்வளவு: ஒருவர் எத்தனை வண்டி வைத்துக்கொள்ளலாம், மூன்றுக்கும் தனித்தனி இன்சூரன்ஸ் வேண்டுமா, புல்லட் பழசு என்பதால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா, அதைப் பழம்பெரும் (விண்டேஜ்) வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா, மூன்றையும் வைத்துக்கொள்வது சரிதானா. கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றையும் சொல்லியிருக்கிறார்: பதினைந்து வயது மகன் சின்ன வண்டியை டியூஷனுக்கு எடுத்துக்கொண்டு போகிறான்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. நான் நீதிமன்றத்துக்குப் போவது 100 சிசி வண்டியில், வீட்டில் ஒரு 350 நிற்கிறது. வண்டி ஓட்டத் தெரியாதவர்கள்தான் எல்லா வண்டியும் ஒன்று என்பார்கள். புதன்கிழமை காலை கடைத்தெரு நெரிசலில் 400 சிசி வண்டியின் சூட்டைத் தொடையில் வாங்கிக்கொண்டு நிற்பதும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவையும் 110 சிசி வண்டியில் இரண்டு பேராக ஏறுவதும் இரண்டுமே தண்டனைதான். அதனால் உங்கள் ஆசையை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது ஒன்று உறுத்தியது. மூன்று வண்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு இருப்பது ஒரே வண்டி, அந்த 110 சிசி. மற்ற இரண்டில் ஒன்று காலமானவர் பேரில் இருக்கிறது, இன்னொன்று கடல் தாண்டி இருப்பவர் பேரில் இருக்கிறது. உங்கள் மனைவி பின்னால் உட்காருவதும், நீங்கள் மலை ஏறுவதும் அந்த இரண்டில்தான். எத்தனை வண்டி என்ற கேள்வியை விட எனக்கு இதுதான் முதல் கவலை.

எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்

முதலில் எளிதான பதில். ஒருவர் பேரில் இத்தனை மோட்டார் சைக்கிள்தான் இருக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்த வரம்பும் இல்லை. மூன்றாவது வண்டிக்குக் கூடுதல் வரி என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படி ஒன்றும் கிடையாது. ஆயுள் வரி வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. உங்கள் சிநேகிதர் புதிதாக வாங்கும்போது கட்டிய ஆயுள் வரியை நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதும் இல்லை.

பழைய வண்டியை அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம். பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்று நீங்கள் செய்தியில் பார்த்தது டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடு. சிவகங்கை மாவட்டத்தில் 1991 புல்லட்டை ஓட்டலாம், பதிவு உயிரோடு இருந்தால். அதன் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், 2021 வரை என்று இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் பதிவு 15 வருஷத்துக்கு, அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2006, 2011, 2016 என்று அப்பச்சி ஒழுங்காகப் போய்ப் புதுப்பித்திருக்கிறார். 2021-இல் விட்டுப்போயிருக்கிறது, கொரோனாக் காலம், உடம்பும் முடியாமல் இருந்திருக்கலாம். ஆக இன்று அந்தப் புல்லட் பதிவு இல்லாத வண்டி. பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தைக் கட்டிவிடலாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் தூக்கிப் பிடிப்பது இந்தத் தேதியைத்தான்.

பழம்பெரும் வண்டிப் பதிவு உங்களுக்குப் பொருந்தாது. 2021-இல் வந்த அந்த விதிகள் முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு. உங்களுடையதற்கு இன்னும் பதினைந்து வருஷமாவது ஆகவேண்டும். கிடைத்தாலும் அந்தப் பதிவில் கோவிலுக்கும் கடைக்கும் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, அணிவகுப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அப்பச்சி வண்டி

"ஒரே மகன், எனக்குத்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. உயில் எழுதாமல் ஒருவர் போனால் அவர் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகன் மகள் எல்லோருக்கும் சம பங்காகப் போகும், போனவரின் தாயார் இருந்தால் அவருக்கும் உண்டு. வண்டியும் சொத்துதான். உங்கள் ஆத்தா, கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா, சென்னையில் இருக்கும் தங்கை, நீங்கள், ஆளுக்குக் கால் பங்கு. அவர்கள் ஒருநாளும் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்கும், விபத்து நடந்தால் நீதிமன்றமும் கேட்கும்.

உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அப்படித் தெரிவித்தால் மூன்று மாதம் வரை அந்த வண்டியை வாரிசு ஓட்டலாம், அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் விதி. உங்களுக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. கலங்க வேண்டியதில்லை, தாமதக் கட்டணம் கட்டி இப்போதும் செய்யலாம், இப்படித் தாமதமாக வருகிறவர்கள் நிறையப் பேர்.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு ஒரு வரி. "இன்சூரன்ஸ் மட்டும் வருஷா வருஷம் ஆன்லைனில் கட்டிவிடுகிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி நம்பரைப் போட்டால் பாலிசி வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் அது யார் பேரில் வருகிறது? உங்கள் அப்பச்சி பேரில். பாலிசிதாரர் இறந்தால் நடப்பில் இருக்கும் பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும், அதற்குள் வாரிசு தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பாலிசியிலேயே போட்டிருக்கிறது. இறந்துபோன ஒருவர் பேரில் புதிதாகப் போட்ட பாலிசியைக் கம்பெனி ஏற்குமா என்பது வழக்கு போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அந்த வழக்கில் நீங்கள் ஒரு கட்சிக்காரராக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றுக்கும் தனித்தனி இன்சூரன்ஸா?

"ஒரு பாலிசி போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் புரிந்துவைத்திருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் இழப்புக்கானது, வண்டிக்கு உரியது. எந்த வண்டி பொது இடத்தில் ஓடினாலும் அந்த வண்டிக்குத் தனியாக இருந்தே ஆகவேண்டும், "ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே ஓட்டுகிறேன்" என்பது நியாயமான பேச்சுதான், சட்டத்தில் எடுபடாது. 2022-இல் அறிவித்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. உங்கள் மூன்றையும் கூட்டினால் 4,884, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 5,760 ரூபாய் ஒரு வருஷத்துக்கு. இது இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000, மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு மட்டும் ஆளுக்கு உரியது. 15 லட்சம் ரூபாய்க் காப்பு, பிரீமியம் சில நூறு ரூபாய்தான். இதை ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியதில்லை, தனி பாலிசியாக ஒன்று எடுத்தால் உங்களுக்குச் சொந்தமான எல்லா வண்டிக்கும் போதும். நீங்கள் சொன்ன அந்த "ஒரு பாலிசி போதும்" இதைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் "சொந்தமான" என்ற வார்த்தையைப் பாருங்கள். ஆர்.சி. உங்கள் பேரில் இருக்க வேண்டும். புல்லட்டிலோ 400-இலோ போகும்போது எருமை குறுக்கே வந்து நீங்கள் விழுந்தால், எதிரே வேறு வண்டி இல்லை, யார் மேலும் தப்பில்லை, அந்தக் காப்பு உங்களுக்குக் கிடைக்காது. இரவல் வாங்கிய வண்டியை ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதே வண்டியின் இன்சூரன்ஸிடம் அவர் மூன்றாம் நபராக வந்து இழப்பீடு கேட்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, இப்போது உங்கள் மனைவி. புல்லட்டுக்கு நீங்கள் கட்டுவது மூன்றாம் நபர் பாலிசி மட்டும், பழைய வண்டிக்கு எதற்கு முழு பாலிசி என்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டிகள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் கட்டி ஒப்பேற்றுவது இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் அந்தக் குறைந்தபட்ச பாலிசிக்குள் வரமாட்டார். உங்கள் தவறால் வண்டி விழுந்து அவருக்கு அடிபட்டால் கம்பெனி தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் 2008-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் பாலிசி இருந்தால் பின்னிருக்கைக்காரரும் காப்புக்குள் வருவார். இருபது வருஷமாக விபத்து வழக்கு பார்க்கிறேன், என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து "இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்று தாளை எடுத்து நீட்டியவர்களிடம் "இது உங்கள் வீட்டம்மாவுக்குச் செல்லாது" என்று சொல்ல நேர்ந்த நாட்களில் வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிட்டதில்லை. எந்த வண்டியில் மனைவி உட்காருகிறாரோ அந்த வண்டிக்குப் பேக்கேஜ் பாலிசி போடுங்கள். 1991 வண்டிக்குத் தரமாட்டோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் இன்னொன்றில் கேளுங்கள். குறைந்தது மூன்றாம் நபர் பாலிசியோடு பின்னிருக்கைக்கான விபத்துக் காப்பையாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அவரை 110-இலேயே அழைத்துப் போங்கள்.

அந்த 110 பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் புது வண்டி வாங்கும்போது ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியதாகச் சொல்கிறீர்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பு ஐந்து வருஷத்துக்குக் கட்டாயம், அதுதான் அது. வண்டிக்கு வரும் சேதத்துக்கும் உங்கள் விபத்துக் காப்புக்கும் பெரும்பாலும் முதல் வருஷம் மட்டுமே கட்டியிருப்பார்கள். பாலிசித் தாளை எடுத்துத் தேதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். உங்களுடையதும் அப்படி இருந்தால், இன்றைக்கு மூன்று வண்டியில் எதிலும் உங்கள் உயிருக்குக் காப்பு இல்லை.

சிங்கப்பூர் சிநேகிதர் வண்டி

அவர் உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சாவி கொடுத்தார். ஆனால் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளப் போகிறவர் அவர்தான். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விற்றுவிட்டேன், கொடுத்துவிட்டேன் என்று சொன்னாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவரை விட்டுப் போகாது என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கண்மாய்க் கரையில் நீங்கள் யாரையாவது இடித்து, இன்சூரன்ஸும் இல்லாமல் இருந்தால், நோட்டீஸ் அவர் வீட்டு முகவரிக்குப் போகும், வயதான அவர் பெற்றோர் கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால் முழுசாக வாங்குங்கள். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். சட்டப்படி கொடுத்தவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லி எழுதுங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு தானாக வந்துவிடும், வண்டிச் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருக்கிறதா, பழைய சலான் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அவர் அடுத்த விடுமுறைக்கு வரும்வரை வண்டி நிற்கட்டும். தேதி போடாத வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

அந்த வண்டியில் சத்தமான சைலன்சர் மாட்டியிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். பழையதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். வண்டியை அப்படி மாற்றுவதற்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று சட்டத்தில் இருக்கிறது. அதை விட்டாலும், நீங்கள் போகும் கண்மாய்க் கரையில் மாடு மேய்க்கிறவர்களும் பறவைகளும் இருக்கிறார்கள்.

மகன்

கடிதத்தில் ஒரே வரிதான் இதற்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரியது. பதினாறு முடிந்தால் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு உரிமம் உண்டு. 110 சிசிக்குப் பதினெட்டு. பதினைந்துக்கு ஒன்றுமே கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 199ஏ-இன்படி தண்டனை பையனுக்கு மட்டும் அல்ல, பெற்றவருக்கும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. யாருக்காவது அடிபட்டால் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கும். வீட்டில் மூன்று வண்டி நின்றால் மூன்று சாவி ஆணியில் தொங்கும். இன்று சாயங்காலமே சாவிகளைப் பீரோவுக்குள் வையுங்கள், டியூஷனுக்குச் சைக்கிள் போதும்.

ஒன்றா, இரண்டா, மூன்றா

இது சட்டக் கேள்வி இல்லை, இருந்தாலும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன கணக்கையே போட்டுப் பார்த்தேன். சின்ன வண்டி தினமும் 25 கிலோமீட்டர், கடை திறக்கும் நாட்களை மட்டும் எடுத்தாலும் வருஷத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல். புல்லட் மாதம் ஒன்று இரண்டு ஞாயிறு, எண்ணூறு ஆயிரம் தாண்டாது. 400 சிசி இரண்டு மலைப் பயணமும் கொஞ்சம் மண் பாதையும், தாராளமாகப் போட்டால் ஆயிரத்து ஐந்நூறு. வருஷத்தில் முந்நூறு நாள் நிற்கிற வண்டி இரண்டு இருக்கிறது. நிற்கிற வண்டி கெட்டுப்போகும். பேட்டரி இறங்கும், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய புல்லட்டின் கார்புரேட்டரும் ரப்பர் பாகங்களும் அதற்காகச் செய்தவை அல்ல. நிறுத்திவைத்த டயர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வெடிப்பு விட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். உங்கள் 1991 புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற இரண்டிலும் நேர் எதிர். நிதானமாகப் போகும்போது தெரியாது. கண்டனூர்ப் பக்கம் ஒரு நாய் குறுக்கே பாயும்போது கால் யோசிக்காது, தினம் எதில் பழகியதோ அதைச் செய்யும், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். பல வண்டி வைத்திருப்பவர்கள் வண்டி மாற்றும்போது முதல் இரண்டு கிலோமீட்டரை ஊருக்குள் மெதுவாக ஓட்டிக் காலுக்கு ஞாபகப்படுத்துவார்கள். நீங்களும் செய்யுங்கள், அதுவும் பின்னால் ஆள் இல்லாமல். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) கட்டாயம், புல்லட்டில் டிரம் பிரேக். 400-இல் நிற்கும் தூரத்தில் அது நிற்காது.

ஒரே வண்டி போதும் என்கிற உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இன்றைக்குக் கிடைக்கும் ஒரு 350, கடைக்கும் போகும், கோவிலுக்கும் போகும், கொடைக்கானலுக்கும் போகும், ஒரே இன்சூரன்ஸ், ஒரே சர்வீஸ். ஆனால் சரக்கு கட்டிக்கொண்டு தினமும் ஓட அது கனம், பெட்ரோலும் கட்டாது. அதனால் நான் உங்களுக்குச் சொல்வது இரண்டு: 110-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வண்டி ஒன்றே ஒன்று.

எந்தப் பெரிய வண்டி என்பதில் என் மனம் புல்லட் பக்கம் சாயவில்லை என்றால் நம்புங்கள், எனக்கும் அந்த வண்டியின் சத்தம் பிடிக்கும். மனைவியோடும் மலைக்கும் போவதற்கு ஏபிஎஸ் உள்ள, ட்யூப்லெஸ் டயர் போட்ட வண்டி நல்லது. கண்மாய்க் கரைச் சீமைக் கருவேல முள் ட்யூப் டயரை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிநேகிதர் வண்டியில் இவை இருந்தால், பேர் மாற்றிக்கொடுக்க அவரும் தயாராக இருந்தால், அதையே வாங்குங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. வருஷத்துக்கு இரண்டு மலைப் பயணத்துக்கு அந்த வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வாடகைக்கு எடுத்தும் போகலாம், ஆனால் வாடகை அனுமதி உள்ள கறுப்பு நம்பர் பலகை வண்டியாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால் இன்சூரன்ஸ் நிபந்தனை மீறல், மறுபடி முதல் பக்கத்துக்கே வந்துவிடுவோம்.

அப்படியானால் புல்லட்? விற்கச் சொல்லவில்லை. பேரை மாற்றுங்கள், பதிவைப் புதுப்பியுங்கள், அப்புறம் மாதம் ஒருநாள் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இதையெல்லாம் செய்ய இப்போது வசதிப்படவில்லை என்றால் ஓட்டாமல் வீட்டுக்குள் வைத்திருக்கலாம், இன்சூரன்ஸ் கட்டாயம் பொது இடத்தில் ஓட்டுவதற்குத்தான், வீட்டுக்குள் நிற்பதற்கு யாரும் அபராதம் போடமுடியாது. ஆனால் "டாங்க் காலி பண்ணி, பேட்டரியைக் கழற்றி" என்ற அர்த்தத்தில் நிறுத்தியதாக இருக்கட்டும், நாளைக்கு ஒரு மச்சான் வந்து "ஒரு ரவுண்டு" என்று கேட்டால் கொடுக்கும் நிலையில் இருக்கக் கூடாது.

பங்காளி விஷயத்தில் வழக்கு, நோட்டீஸ் என்று போகாதீர்கள். பொதுவீட்டில் எல்லாப் பங்காளிக்கும் உபயோகிக்கும் உரிமை உண்டு, ஒருவர் மற்றவரைத் தடுக்கும் அளவுக்கு இடத்தை அடைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. முகப்பில் மூன்று வண்டி நின்றால் அவர் முகம் சுளிப்பதில் தப்பில்லை. தேக்குத் தூணும் தேக்குக் கதவும் உள்ள இடத்தில் பெட்ரோல் நிரம்பிய வண்டிகளை வரிசையாக நிறுத்துவது எனக்கும் பயமாக இருக்கிறது. ஓடுகிற இரண்டையும் வெளியே கொட்டகைக்கு மாற்றிவிட்டு, "அப்பச்சி வண்டி மட்டும் உள்ளே நிக்கட்டுமா?" என்று அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள், மறுக்கமாட்டார்.

வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டால், வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பம் போடுவதில். அது வர நாளாகும். இறப்புச் சான்று, பழைய ஆர்.சி., அக்கா, தங்கை, ஆத்தா மூவரின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் அதற்குள் சேர்த்துவிடலாம். அந்த வாரத்திலேயே 110-க்கான தனிநபர் விபத்துக் காப்பைப் போட்டுவிடுங்கள், அதற்குப் பத்து நிமிஷம் போதும்.

ஆத்தாவிடம் கையெழுத்து வாங்கும்போது தாளை நீட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் புல்லட்டின் பின்னிருக்கையில் உட்கார்ந்து வந்தவர் அவர். அதை என்ன செய்யலாம் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள், அதற்கேற்றபடி பத்திரத்தின் வாசகத்தை நான் தயாரித்து அனுப்புகிறேன்.